கிருபாவதியின் முழங்கால்

இந்தக் கதையை நான் தப்பா சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு கெசியா. நான் ஆறாங்கிளாஸோட நின்னவ. உங்க அம்மா சொன்னா பிசாசு கூட வரிசையில வந்து நிக்கும். நான் சொன்னா முன்னாடி வர வேண்டியது பின்னாடி வரும். பரவாயில்லையா? சரி, காலைப் போர்வைக்குள்ள இழு. நடுநடுவுல "ம்" சொல்லணும். சொல்லலைன்னா பெரியம்மாவுக்குக் கதை ஓடாது.

ஒரு ஊர்ல ஒரு கிருபாவதி. அவளுக்குத் தெரிஞ்ச ஒரே பெரிய வேலை முழங்கால் போடுறது. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, சிமெண்டுத் தரையில தொம்முனு முழங்கால் போட்டு, ஊர்க்காரங்க பேரையெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லி ஜெபம் பண்ணுவா. காய்ச்சல்காரங்க, பரீட்சை எழுதுறவங்க, இருமல் வந்த ஆடு, ஒருத்தரையும் விட மாட்டா. அதனால ரெண்டு முழங்காலும் கறுத்துப்போய் தோசைக்கல்லு மாதிரி இருக்கும்.

"ம்."

இது பிசாசுகளுக்குப் பொறுக்கலை. அதுங்க கூட்டம் போட்டு, மொண்ணைக்கொம்பன்னு ஒரு கிழட்டுப் பிசாசைக் கூப்பிட்டுச்சு. ஓய்வு வாங்கப்போற பிசாசு அது. கொம்பெல்லாம் தேஞ்சு வெண்டைக்கா நுனி மாதிரி ஆயிடுச்சு. தலைவன் பிசாசு அதுகிட்ட சொல்லுச்சு: "நாற்பது நாள் அவ ஜெபம் பண்ணாம பாத்துக்கோ. நாற்பதாம் நாள் பொழுது சாஞ்சா அவ நம்ம ஆளு. கையோட கூட்டிட்டு வந்துடு."

அப்போ மொண்ணைக்கொம்பன் முதல்ல என்ன பண்ணுச்சு? ஓட்டு மேல ஏறி நின்னு தடதட, கடகடன்னு குதிச்சுச்சு. கிருபாவதி பயந்து ஓடுவான்னு பாத்தா, யேசப்பான்னு இன்னும் அழுத்தி முழங்கால் போட்டுட்டா. அந்தப் பேரைக் கேட்டதும் பிசாசு சறுக்கி, தொப்புனு சாணிக்குழியில.

அப்புறம் ரெண்டாவது தடவை பல்வலியைக் கொண்டுவந்து விட்டுச்சு. கன்னம் பன்னு மாதிரி வீங்கிடுச்சு. அவ அழுதுகிட்டே முன்னைவிட ரெண்டு மடங்கு ஜெபம் பண்ணினா. பிசாசு மறுபடி, தொப். அதே குழி.

சிரிக்காத. சிரிச்சா தூக்கம் ஓடிடும். நானும் சிரிக்கலை பாரு.

மூணாவது தடவை அது யோசிச்சுச்சு. தலைப்பாகை கட்டிக் கொம்பை மறைச்சுக்கிட்டு, நல்ல மனுஷனாட்டம் வாசல்ல வந்து நின்னுச்சு. சம்பளம் வேண்டாம் தங்கச்சி, புண்ணியத்துக்கு உனக்கு ஒத்தாசை பண்றேன்னுச்சு. அவளும் அண்ணாச்சி வாங்கன்னு உள்ள விட்டுட்டா.

அண்ணாச்சி முதல் நாள் அவ முழங்காலுக்கு அடியில ஒரு மெத்து மெத்துன்னு தலகாணி வச்சாரு. அப்புறம் இலவம்பஞ்சு மெத்தை வந்துச்சு, சுர்ர்ருனு ஒரு ஃபேன் வந்துச்சு, கட்டிலுக்கே காப்பி வந்துச்சு. அப்புறம் மெதுவா ஒரு வார்த்தை போட்டாரு. "ஏன் தங்கச்சி முழங்காலை நோகடிக்கிற? படுத்துகிட்டே ஜெபம் பண்ணினா கர்த்தருக்குக் கேக்காதா?"

அதானேன்னு அவளுக்கும் தோணுச்சு. படுத்துக்கிட்டா. "கர்த்தாவே"ன்னா. அப்புறம் கொர்ர்ர்ர். ஜெபம் இல்லாத முதல் நாள்னு அண்ணாச்சி எண்ணிக்கிட்டாரு.

மறுநாளும் "கர்த்தாவே." கொர்ர்ர்ர்.

ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும் தவறாம போவா. அண்ணாச்சிதான் அவ வேதப்புத்தகத்தைத் தூக்கிட்டுப் போவாரு. முதல்ல அந்தப் புத்தகம் அவரு கையைச் சுர்ருனு சுட்டுச்சு. கிருபாவதி திறக்கத் திறக்கத்தான் அதுல சூடு இருக்கும் போல. திறக்காம வச்சு வச்சு அது ஆறின இட்லியாட்டம் ஆயிடுச்சு. அவரு அதைக் கக்கத்துல வச்சுக்கிட்டு, எல்லாரையும் விடச் சத்தமா "ஸ்தோத்திரம்"னு சொன்னாரு. பிரசங்கம் பண்ற ஐயர் கூட, யாருப்பா இந்த பக்தியான மனுஷன்னு விசாரிச்சாரு.

எனக்கு இந்த இடம்தான், கண்ணு, பயமா இருக்கும். நாளு ஓடுது பாரு. முப்பது, முப்பத்தஞ்சு, முப்பத்தொம்பது.

"ம்..."

நாற்பதாம் நாள் சாயங்காலம். பக்கத்து வீட்டு யேசுவடியா தேங்காய்த் துருவி கேட்டு வந்தா. அவ வாயில ஊசி வச்சுத் தைச்சாலும் பேச்சு நிக்காது. கிருபாவதி கட்டில்ல இருந்தபடியே, சேலையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலைக் காட்டினா. கறுப்பெல்லாம் போய் எப்படிப் பளபளன்னு ஆயிடுச்சுன்னு அவளுக்கு ஒரே பெருமை.

யேசுவடியா குனிஞ்சு பாத்தா. "ஏட்டி, பச்சப்புள்ள முழங்காலால்லா இருக்கு. நேத்து யாருக்காக ஜெபம் பண்ணின?"

"கர்த்தாவேன்னு ஆரம்பிச்சேன்."

"அதுக்கப்புறம்?"

கிருபாவதி தலையைச் சொறிஞ்சா. "காப்பி வந்துச்சு"ன்னா.

சொன்னதும் அவளுக்கே முகம் வெளுத்துப் போச்சு. முந்தாநாள்? காப்பி. போன வாரம்? காப்பிதான். காய்ச்சல்காரங்க பேரு ஞாபகம் வரலை. ஆட்டுக்கு இருமல் நின்னுச்சான்னு கூடத் தெரியலை.

வெளியில வெயில் சாஞ்சுகிட்டு வருது. அவ முழங்கால் போடக் கட்டிலை விட்டு இறங்கப் பாத்தா. அண்ணாச்சி குடுகுடுன்னு ஓடி வந்து, கீழே தலகாணி போடட்டுமான்னாரு. வேண்டாம்னா. காத்து போதலையான்னு ஃபேனைக் கூட்டினாரு. வேண்டாம்னா. பலகாரத் தட்டை மூக்குக்கு நேரா நீட்டினாரு. முறுக்கு. அடடா, அது மட்டும் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதையும் வேண்டாம்னுட்டா.

ஆனா முழங்கால் மடங்க மாட்டேங்குது. நறுக்குங்குது, மொறுக்குங்குது. யேசுவடியா பாத்தா. பின்னாடி போய் ஒரே தள்ளு. தொம்!

வெறும் தரையில விழுந்தா கிருபாவதி. பெரிய ஜெபமெல்லாம் வாயில வரலை. "யேசப்பா, எனக்கு ஜெபம் பண்ணவே மறந்து போச்சு"ன்னா. அவ்வளவுதான்.

அது போதும். அண்ணாச்சி தலைப்பாகை தானா அவுந்துச்சு. வெண்டைக்காக் கொம்பு ரெண்டும் வெளியில வந்துச்சு. காத்து பிடுங்கின பலூனாட்டம் புஸ்ஸ்ஸுனு வீடு பூரா சுத்தி, ஃபேன்ல ஒரு அடி வாங்கி, ஜன்னல் வழியா பறந்து போயிடுச்சு. யேசுவடியா அப்பவும், துருவியை எங்கட்டி வச்சிருக்கன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறா.

அது திரும்பி வருமான்னு கேக்குறியா? வராம என்ன? வேற தலைப்பாகை கட்டிட்டு வரும். கிருபாவதிக்கும் அந்தக் கவலைதான். மெத்தையைத் தூக்கிப் போடலாம்னு பாத்தா. இடுப்பு வலிக்கு நல்லா இருக்கு, மனசு வரலை. தன்னை நம்பவும் பயம். அதனால ஒண்ணு பண்ணினா. வீட்டுச் சாவி ஒண்ணை யேசுவடியா கையில குடுத்தா. தினமும் விடியக்காலையில கதவைத் திறந்து உள்ள வா, நான் என்ன சாக்கு சொன்னாலும் கேக்காத, போர்வையை உருவிப் போடு, ரெண்டு பேரும் சேர்ந்து முழங்கால் போடுவோம்னா.

கதையும் முழங்கால் போட்டு எழுந்தாச்சு. இனி நீ கண்ணை மூடு கண்ணு.