ஐந்து குன்று ஓட்டமும் ஒரு காட்டுப்பன்றியும்

ஒரு காட்டில் மாரப்பன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தான். அவன் மனைவி பெயர் வேலாத்தா. குட்டிகள் ஆறு. ஆறும் ஒன்றுக்கொன்று குறையாத சேட்டை.

அவர்கள் குடியிருந்தது ஆலமரத்துக் குட்டையின் கரையில். மழைக்காலத்தில்தான் அது குட்டை. வெயில் ஏற ஏறச் சேறு. சித்திரை பிறந்துவிட்டால் அந்தச் சேற்றில் மிஞ்சுவது ஒரு முதலையும் அதன் பசியும்தான். போன கோடை தொடங்கியபோது மாரப்பனுக்கு எட்டுக் குட்டிகள். கோடை முடிந்தபோது ஆறு. அதனால் இந்தக் கோடையை எங்கே கழிப்பது என்பது அந்த வீட்டில் விளையாட்டுப் பேச்சு இல்லை.

ஐந்து குன்றுகளுக்கு அப்பால் ஒரு சுனை இருந்தது. எந்தக் கோடையிலும் வற்றாது. சுனைக்குப் போக ஒரே வழி, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. அந்த இடுக்குக்குக் காவல் சிட்டம்மாள். பெயரைக் கேட்டுக் குருவி என்று நினைத்துவிட வேண்டாம். அவள் யானை.

சுனை சிறியது. காடே போய் விழுந்தால் மூன்று நாளில் காலி. அதனால் சிட்டம்மாள் வருடத்துக்கு ஓர் ஓட்டம் வைத்தாள். வீட்டுக்கு ஒருவர் ஓட வேண்டும். விடியும்போது குட்டையில் கிளம்ப வேண்டும். சுனைத் தண்ணீர்மேல் பாறையின் நிழல் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிட்டால், அந்த வீடு முழுவதும் கோடைக்கு அங்கே தங்கலாம். நிழல் தண்ணீரை விட்டு விலகியதும் சிட்டம்மாள் இடுக்கில் உட்கார்ந்துவிடுவாள். அவள் உட்கார்ந்த பிறகு ஒரு கொசு உள்ளே போவதும் கஷ்டம்.

போன வருடம் மாரப்பன் போய்ச் சேர்ந்தபோது அவள் முதுகைத்தான் பார்த்தான்.

இந்த வருட ஓட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் காட்டுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. கடமான் தினமும் காலையில் எத்தனை குன்று ஏறியது என்று கேட்காதவர்களிடமும் சொன்னது. முயல் நாளுக்கொரு மூட்டில் வலி என்றது. முள்ளம்பன்றி பாரத்தைக் குறைக்கப் பாதி முட்களை உதிர்த்துவிடலாமா என்று யோசித்தது. சாயங்காலமானால் எல்லோரும் குட்டைக் கரையில் கூடினார்கள். ஓட்டத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை.

நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் யோசனை சொன்னவன் பொன்னுரங்கம் என்ற நரி. அவன் இந்த ஓட்டத்தில் ஒரு வருடமும் ஓடியதில்லை. ஒரு முறை நாய் துரத்தியபோது கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறான். அவன் வித்தையெல்லாம் அன்றைக்குக் கற்றதுதான்.

"மேட்டுல ஏறும்போது மூக்கால மூச்சு வுடோணும்! எறக்கத்துல வாயால!" என்றான் நரி.

"சமதரையிலீங்?" என்று கேட்டது முயல்.

"அங்க பேசாம ஓடோணும்!" என்றான் நரி.

எல்லோரும் தலையாட்டினார்கள். மாரப்பன் மற்றவர்களைவிட வேகமாக ஆட்டினான்.

"இன்னொண்ணு! ஓடறவன் வயித்துல கெழங்கை ரொப்போணும்! பாதி வயிறு பத்தாது!"

இதைக் கேட்டதும் மாரப்பன் நேராக வீட்டுக்குப் போனான். "வேலாத்தா! கெழங்கு!"

வேலாத்தா பக்கத்தில் இருந்ததைத் தோண்டிக் கொடுத்தாள். மூன்றே நாளில் அது தீர்ந்தது. பிறகு முதல் குன்றுக்குப் போனாள். அதுவும் தீர்ந்தது. இரண்டாவது குன்று, பிறகு மூன்றாவது குன்று. வாயில் கிழங்கும் வால்பக்கம் ஆறு குட்டிகளுமாகத் தினமும் மூன்று குன்று ஏறி இறங்கித் திரும்பி வந்தாள். குட்டிகள் ஆளுக்கொரு திசையில் ஓட, அவற்றைத் துரத்திப் பிடித்த தூரம் தனி.

"என்ன இவ்ளோ நேரம்?" என்று கோபித்தான் மாரப்பன். "ஓடப் போறது நானு! நெனப்பு இருக்குதா?"

"ஆமாங்க, நீங்கதான் ஓடறீங்க!" என்றாள் வேலாத்தா, மூச்சு வாங்கிக்கொண்டே.

ஓட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது சிட்டம்மாளிடமிருந்து ஒரு மைனா சேதி கொண்டு வந்தது.

"சிட்டக்கா சொல்லச் சொன்னாங்க! இனி அஞ்சு நாளைக்கு யாரும் ஓடப்படாதாம்! தின்னுங்க, தூங்குங்க! காலு ஆறட்டுமாம்!"

இதைக் கேட்டு அந்தக் காட்டில் மனசார மகிழ்ந்தது வேலாத்தா ஒருத்திதான்.

"ஏனுங்க, அஞ்சு நாளு ஊட்லதானே இருப்பீங்க? அப்ப புள்ளைங்களை நீங்களே பாருங்க. கெழங்கு அந்த மூலையில குமிச்சு வெச்சிருக்கறேன்." சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்ப் படுத்தாள். பசித்தால் எழுந்து தின்றாள். மற்ற நேரமெல்லாம் குறட்டைதான்.

மாரப்பனுக்கு ஓடுவதைவிட ஓடாமல் இருப்பது கடினமாக இருந்தது. முதல் நாளே உடம்பில் ஒவ்வோர் இடமாக நோவு கிளம்பியது.

"வேலாத்தா! என்ற பின்னங்காலைப் பாரு. எடது. வீங்கியிருக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப வலதா?"

வேலாத்தா கண்ணைத் திறக்காமலே, "உங்களுக்கு வீங்கியிருக்கறது கால் இல்லீங்க!" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தாள்.

அடுத்து அவன் தவளையிடம் போனான். "ஓட்டத்தன்னைக்கு மழை வருமா?"

"காலையில இருந்து பதினேழு தடவை கேட்டுட்டீங்க!" என்றது தவளை. "மழை வந்தா நானே கத்துவேன்! கத்தலைன்னா வரலைன்னு அர்த்தம்! போங்க!"

நான்காவது நாள் வந்தபோது வேடிக்கையெல்லாம் போய்ப் பயம் மட்டும் நின்றது. இத்தனை நாள் பழகியும் ஒரே மூச்சில் அவன் மூன்று குன்றுக்கு மேல் ஓடியதில்லை. நான்காவது குன்றில் கால் மடங்கிவிட்டால்? ஐந்தாவதில் மூச்சு நின்றுவிட்டால்? குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. மாரப்பன் எண்ணிப் பார்த்தான். ஆறு. குட்டைப் பக்கம் திரும்பினான். முதலை இரண்டு கண்ணையும் வெளியே வைத்துக்கொண்டு தானும் எண்ணிக்கொண்டிருந்தது.

அவன் நரியிடம் ஓடினான். "பொன்னுரங்கம்! முடியுமா முடியாதான்னு தெரியாம எப்படி ஓடறது? ஒருக்கா ஓடிப் பார்த்துட்டா மனசு ஆறீரும்!"

"அருமையான யோசனை!" என்றான் நரி. "நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்!"

மறுநாள், அதாவது ஓட்டத்துக்கு முந்தின நாள், விடிகிற நேரத்தில் மாரப்பன் யாருக்கும் தெரியாமல் கிளம்பினான். முதல் குன்று வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் நினைப்பு. முதல் குன்று சுலபமாக இருந்தது. சரி, இரண்டாவது வரைக்கும். அதுவும் சுலபம். மூன்றாவதில் காற்று இதமாக வீசியது. நான்காவதில் கால் மடங்கவில்லை. நான்கு குன்று தாண்டியவன் ஐந்தாவதை விட்டுவிட்டுத் திரும்பினால் மனசு கேட்குமா? கேட்கவில்லை. ஓடினான்!

சிட்டம்மாள் இடுக்கருகே நின்று மூங்கில் தின்றுகொண்டிருந்தாள்.

"வந்துட்டனுங்க்கா!" என்று கத்தினான் மாரப்பன். "நெழலைப் பாருங்க! இன்னும் ரெண்டு மொழம் இருக்குது!"

"இருக்குது. யாரு இல்லைன்னா?"

"அப்ப நானு செயிச்சுட்டேன்!"

"ஓட்டம் நாளைக்கு, மாரப்பா."

"தெரியுங்க! முடியுமான்னு ஓடிப் பார்த்தனுங்க."

"முடியுதா?"

"முடியுதுங்க!"

"சந்தோஷம். நாளைக்கு வா."

மாரப்பன் குழைந்தான். "இதையே நாளைக்கு ஓடுனதா வெச்சுக்கப்படாதுங்களா?"

"இன்னைக்கு நீ குடிக்கற தண்ணி நாளைக்குத் தாகத்துக்கு ஆகுமா? ஒரு வாய் குடிச்சுட்டுக் கெளம்பு. திரும்பிப் போறதுக்கும் அஞ்சு குன்றுதான்."

மாரப்பன் அப்போதுதான் திரும்பும் வழியை நினைத்துப் பார்த்தான்.

பொழுது சாயும் நேரத்தில் அவன் வீடு வந்து சேர்ந்தான். நான்கு காலும் நான்கு விதமாக நடந்தன.

"எங்கீங்க போயிருந்தீங்க? புள்ளைங்களைக்கூட வுட்டுப்போட்டு?" என்று கேட்டாள் வேலாத்தா.

"சும்மா, காலாற நடந்துட்டு வந்தேன்."

இருந்த கிழங்கில் தன் பங்கைத் தின்றுவிட்டு விழுந்தான். முகத்தில் அத்தனை பெருமை. தான்தான் முதலில் வந்தோம் என்ற எண்ணத்தோடு, மூன்று வாரத்தில் முதல் முறையாக நிம்மதியாகத் தூங்கினான்.

விடிந்தது. குட்டைக் கரையில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். தவளை கத்தியதும் கிளம்ப வேண்டும். மாரப்பன் எழப் பார்த்தான். முன்னங்கால்கள் எழுந்தன. பின்னங்கால்கள் எழவில்லை. மறுபடி முயன்றான். இந்த முறை முன்னங்கால்களும் எழவில்லை.

"என்னங்க ஆச்சு?"

மாரப்பன் மண்ணைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில் மட்டும் தலையை நிமிர்த்தி, "ஆனா நேத்து செயிச்சுட்டேன், வேலாத்தா!" என்றான்.

"யாரு கூட ஓடிச் செயிச்சீங்க?"

"தனியாத்தான்."

வேலாத்தாவுக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே குட்டைக்குள் உருட்டிவிட்டிருப்பாள். ஆனால் அதற்கு நேரம் இல்லை. குட்டிகளைப் பார்த்தாள். சேற்றில் தெரிந்த இரண்டு கண்களையும் பார்த்தாள். பிறகு போய் வரிசையில் நின்றாள்.

"நீ எங்க போற?" என்று பதறினான் மாரப்பன்.

"ஊட்டுக்கு ஒருத்தருன்னுதானே சொன்னாங்க? கோரைப்பல்லு நீட்டமா இருக்கோணும்னு சொல்லலையே!"

"நீ ஓடிப் பழகவே இல்லையே!"

"அப்ப உங்க கெழங்கெல்லாம் தானா நடந்து வந்துச்சுங்களா?"

தவளை கத்தியது!

"வேலாத்தா!" என்று எழுந்து கூவினான் நரி. "மேட்டுல மூக்கால—"

வேலாத்தா அதற்குள் முதல் குன்றில் இருந்தாள்.

முதல் மூன்று குன்றுகளில் அவளுக்குத் தெரியாத வேர் இல்லை, தெரியாத பள்ளம் இல்லை. வாயில் கிழங்கு இல்லாமல், பின்னால் குட்டிகள் இல்லாமல் அந்த வழியில் ஓடுவது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. ஐந்து நாள் தூங்கிய கால்கள் சொன்னபடி கேட்டன. நான்காவது குன்று புதிது. தடுமாறினாள். ஐந்தாவதில் மூச்சு அடைத்தது. நின்றுவிடலாம் போலிருந்தது. போன கோடையில் போன இரண்டு குட்டிகளும் நினைவுக்கு வந்தன. நிற்கவில்லை.

இடுக்கு தெரிந்தபோது நிழல் தண்ணீரில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது. சிட்டம்மாள் பின்னங்கால்களை மடக்க ஆரம்பித்திருந்தாள்.

"சித்த பொறுங்க்கா!" என்று அலறிக்கொண்டே வேலாத்தா அந்தப் பெரிய காலுக்கும் பாறைக்கும் நடுவே புகுந்து, நேராகச் சுனைக்குள் போய் விழுந்தாள்.

"வேலாத்தா வூடு, உள்ள!" என்று அறிவித்துவிட்டுச் சிட்டம்மாள் உட்கார்ந்தாள்.

இங்கே குட்டைக் கரையில் மாரப்பன் படுத்தபடி குட்டிகளை அதட்டிக்கொண்டே இருந்தான். "தண்ணிப் பக்கம் போகாதீங்க!" ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து தடுக்க அவனால் முடியவில்லை. அந்த இரண்டு கண்களும் ஒரு முழம் கரைக்கு நெருங்கி வந்தன. தான் செய்தது என்னவென்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயால் இழுத்துத் தன் வயிற்றுக்கடியில் போட்டுக்கொண்டான். மாலையில் மைனா சேதி சொன்னபோது வாய்விட்டு அழுதான்.

மறுநாள் ஜெயித்தவர்களின் வீட்டார் சுனைக்கு வந்து சேர்ந்தார்கள். சிட்டம்மாள் எழுந்து நின்று ஒவ்வொருவராக எண்ணி உள்ளே விட்டாள். கடைசியில் மாரப்பன் நொண்டிக்கொண்டு வந்தான். முன்னால் ஆறு குட்டிகள்.

"ஒண்ணு, ரெண்டு... ஆறு. செரி. இது யாரு?"

"எங்க ஊட்டுக்காரருங்க்கா" என்றாள் வேலாத்தா.

"இவரு முந்தாநாளே வந்து குடிச்சுட்டுப் போயிட்டாரே! மறுபடியும் வேணுமாக்கும்?"

சுனையைச் சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலாத்தா மாரப்பனைப் பார்த்தாள். அவன் வயிறெல்லாம் குட்டிகளின் குளம்புக் கீறல்.

"உள்ள வுடுங்க்கா. ஆனா ஒண்ணு. முந்தாநாளு ஓடுனதைப் பத்தி இந்தக் கோடை முச்சூடும் இவரு ஒரு வார்த்தை பேசப்படாது. பேசுனா வெளியில தள்ளிப்போட்டு நீங்க உட்கார்ந்துக்கோங்க!"

"அப்படியே ஆகட்டும்" என்றாள் சிட்டம்மாள்.

மாரப்பன் உள்ளே வந்து தண்ணீரில் வாயை வைத்தான். இரண்டு மடக்கு குடிப்பதற்குள் முள்ளம்பன்றி பக்கத்தில் வந்து நின்றது.

"ஏனுங்ண்ணா, நீங்க வந்தப்ப நெழலு ரெண்டு மொழம் இருந்துச்சாமே? மெய்யாலுமா?"

மாரப்பனின் கண் மின்னியது. வாய் திறந்தது. இடுக்கில் சிட்டம்மாளின் பின்னங்கால்கள் மெதுவாக மடங்கின. மாரப்பன் சட்டென்று மூக்கு வரைக்கும் தண்ணீரில் முக்கிக்கொண்டான்!

அந்தக் கோடை முழுவதும் காட்டிலேயே அதிகத் தண்ணீர் குடித்தவன் அவன்தான், ஏனென்றால் வாயை வெளியே எடுத்தபோதெல்லாம் அந்த இரண்டு முழ நிழல் நாக்கின் நுனியில் வந்து நின்றது.

ஓடத் தெரிந்தவனுக்கு, ஓடாமல் இருக்க வேண்டிய நாளில் சும்மா இருக்கவும் தெரிய வேண்டும்.