கச்சிராயனின் காரையும் ஆயிரம் வருஷப் பட்டயமும்

மருதங்காட்டுச் சீமையை ஆண்ட செங்கோடராயருக்கு ஒரு பெரிய தலைவலி வந்து சேர்ந்தது. மலைச் சுரங்கத்தில் பச்சையாக ஒளிரும் ஒரு வகைக் கல் அகப்பட்டது. அழகென்றால் அவ்வளவு அழகு. ஆனால் தொட்டவர்களுக்கு முடி கொட்டியது, கை வெந்தது. ஒரே மாதத்தில் ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அடிவாரத்தில் மூன்று ஊர், மூன்றுக்கும் ஒரே சுனை. கல்லின் நஞ்சு அதில் இறங்கினால் என்ன கதி?

"ஆயிரம் வருஷத்துக்கு அது வெளியே வரக்கூடாது!" என்றார் ராஜா.

தலைமைக் கொத்தனார் கச்சிராயன் மார்தட்டினான். கற்களை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, சுற்றிலும் ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்புக் காரையைக் கொட்டி இறுக்கினான்.

"அசையாது அரசே! அதேபோல என் வம்சத்துக்கும் ஆயிரம் வருஷத்துக்கு ஏதாவது..." என்று இழுத்தான்.

"நூறு வேலி நிலம்! எழுதுங்கள் பட்டயத்தை!"

சபையில் இருந்த மந்திரி தாண்டவராயருக்கு உறுத்தியது. காரைக்கு மணல் ஏற்றிய வண்டிகள் கடற்கரைப் பக்கமிருந்து வந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். கேட்டால் கச்சிராயன் இல்லையென்று சத்தியம் செய்வான். உடைத்துப் பார்க்கலாமென்றால் உள்ளே இருப்பது நஞ்சு.

மெல்ல எழுந்தார்.

"அரசே, ஆயிரம் வருஷப் பட்டயத்தைச் சும்மா கையில் கொடுக்கலாமா? கறையான் அரிக்கும், எலி கடிக்கும். ஓலையை இரும்புப் பெட்டியில் போட்டு, கச்சிராயர் காரையிலேயே புதைத்துவிடுவோம். அதே சுண்ணாம்பு, அதே மணல். பேரன் காலத்தில் உடைத்து எடுக்கட்டும். எழுத்து இருந்தால் நிலம் அவர்களுக்கு. அழிந்திருந்தால் அரசுக்கு."

"பேஷ்!" என்றார் ராஜா.

கச்சிராயன் அவசரமாகக் குறுக்கிட்டான். "எதற்கு அரசே சிரமம்? வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேனே."

"வீடு தீப்பிடித்தால்?" என்றார் தாண்டவராயர்.

"அப்படியானால் கல் பெட்டி செய்கிறேன்!"

"இரும்புக்கு என்ன குறைச்சல் கச்சிராயரே?"

"ஐயா, கடல் மணல் உப்பய்யா! இருபது வருஷத்தில் இரும்பைத் தின்றுவிடும்! துருவேறி இரும்பு வீங்கினால் காரை வெடிக்கும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். அப்புறம் என் ஓலை என்ன ஆவது?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"ஓலைக்குத் துடிக்கிறாய். மூன்று ஊர் ஜனம் உனக்கு ஓலைக்கும் கீழா?" ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டார். "ஆற்று மணலில் திரும்பக் கட்டு. வேலை முடியும்வரை குடும்பத்தோடு சுனையோரம் குடியிரு. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்!"

கச்சிராயன் ஆற்று மணலையே ஏழு தரம் அலசினானாம். மழைக்கு முன் வேலை முடிந்துவிட்டது.

ராஜா தாண்டவராயரைக் கூப்பிட்டார். "அந்த நூறு வேலி இனி உமக்கு. ஆயிரம் வருஷத்துக்கு எழுதட்டுமா?"

"எனக்கு அறுபத்தெட்டு வயசு, பிள்ளைகுட்டியும் இல்லை. என் ஆயுசுக்கு மட்டும் எழுதுங்கள் அரசே. அவ்வளவு நாள் கடல் மணலே தாங்கும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.