ஒரு கிலோ மணல்

"இது என்ன டாக்டரம்மா, சின்னப் பிள்ளைக்குக் கட்டுற கொலுசா?"

கணுக்காலில் கட்டியிருந்த மணல்பையைப் பார்த்துக் கேட்டார் கருத்தபாண்டி.

எடை ஒரு கிலோ.

கேட்டவர் விருதுநகர் பருப்பு மண்டியில் முப்பது வருஷமாக நூறு கிலோ மூட்டை சுமந்தவர். முழங்காலில் ஆபரேஷன் ஆகி, ஒரு தொடை மட்டும் சூம்பிப்போய் வந்திருந்தார். ஆடி பிறக்கும்வரை அவர் இடத்துக்கு ஆள் சேர்க்க மாட்டோம் என்று தவசியும் மற்ற மண்டிக் கூட்டாளிகளும் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் அவர்களாலும் முடியாது.

பிசியோதெரபி பார்க்கும் ரஹ்மத் நிஷாவுக்கு வயது இருபத்தாறு. ஆக, குரு இளையவர், சீடர் மூத்தவர். சீடருக்கு அதுவே பாதி எரிச்சல்.

"பெரிய எடையா குடுங்க. இதைத் தூக்கி நான் எப்ப மண்டிக்குப் போறது?"

"பெரிய எடையை இப்ப மூட்டு தாங்காது அண்ணாச்சி."

"அப்ப சதை எப்படி வரும்?"

நிஷா அவர் தொடையின் மேல்பக்கம் ஓர் அகலப் பட்டையைச் சுற்றி, மெஷினைப் பார்த்து அளவாகக் காற்றேற்றினார்.

"வாயைக் கட்டுங்க, வயித்தைக் கட்டுங்கன்னு சொல்ற டாக்டரைப் பாத்திருக்கேன். நீங்க ரத்தத்தையே கட்டுறீங்க."

"கொஞ்சம்தான் கட்டும். முழுசா நிறுத்தாது. ரத்தம் கொறஞ்சா சின்ன எடையே சதைக்குப் பெருசாத் தெரியும். முப்பது தடவை காலை நீட்டி மடக்குங்க."

பத்து வரை கருத்தபாண்டி சிரித்தார். பதினெட்டில் சிரிப்பு நின்றது. இருபத்தைந்தில் தொடை மிளகாய் பூசியது போல் எரிந்தது. முப்பதில் குனிந்து மணல்பையை அமுக்கிப் பார்த்தார்.

"உள்ள இரும்பு ஏதும் வெச்சிருக்கீங்களா?"

"மணல்தான். முப்பது செகண்டு ஓய்வு. அப்புறம் பதினஞ்சு."

"ஓய்வா?" அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தூக்குன மூட்டையை நடுவழியில இறக்குறவன் லோடுமேன் இல்லம்மா."

நிறுத்தாமல் நீட்டினார். முப்பத்தொன்பதில் கால் அப்படியே நின்றுவிட்டது. திட்டினார், கெஞ்சினார், கையால் தட்டினார். ஒரு கிலோ அசையவில்லை.

நிஷா காற்றைத் திறந்துவிட்டார்.

"நாளைக் கழிச்சு வாங்க."

வந்தார். ஓய்வெடுக்கச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு ஓய்வெடுத்தார். முப்பது, பதினைந்து, பதினைந்து, பதினைந்து. ஏழு வாரத்தில் எடை ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ ஆனது. அதற்கு மேல் ஏறவே இல்லை.

ஆனி மாதம் முடியப்போகும்போது சீடரின் பொறுமையும் முடிந்தது.

"இன்னைக்காவது கனமா ஒண்ணு தூக்கவிடுங்க. ரெண்டு கிலோவைக் காட்டி எவன்கிட்டப் போய் நான் நிக்கிறது?"

"சரி."

நிஷா மணல்பையைக் கழற்றினார். பட்டையையும் எடுத்துவிட்டார்.

"தரையில குத்தவைங்க."

சுவரைப் பிடித்துக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"சுவரை விட்டுருங்க. கை ஊணாம எந்திரிங்க."

ஆபரேஷனுக்குப் பிறகு எதையாவது பிடிக்காமல் அவர் எழுந்ததே இல்லை. பயமாக இருந்தது. நூறு கிலோ மூட்டைக்கு அவர் ஒருநாளும் பயந்ததில்லை.

எழுந்தார். கால் நடுங்கியது, ஆனாலும் எழுந்தார்.

"பாத்தீங்களா, நின்னுட்டேன்." முகமெல்லாம் பல்லாக இருந்தது. சற்று நேரத்தில் குறை நினைவுக்கு வந்தது. "ஆனா கனமா ஒண்ணு கேட்டேனே, குடுக்கலையே?"

நிஷா மூலையில் இருந்த எடை மெஷினைக் காட்டினார்.

கருத்தபாண்டி ஏறி நின்றார். முள் எண்பத்து நான்கில் நின்றது.

முள்ளைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். மறுபடியும் முள்ளைப் பார்த்தார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். மெஷினை விட்டு இறங்காமலே போனை எடுத்தார்.

"எலேய் தவசி, என் எடத்தை எவனுக்கும் குடுத்துறாதீங்க. எண்பத்து நாலு கிலோவைத் தூக்கி நிறுத்திட்டேன்டா."