மரம் எங்கே ஒதுங்கும்?

மலையடிவாரத்து மடத்தில் கோமதிநாயகம்தான் மூத்த சீடர். வயதில் குருவுக்கே மூத்தவர். குருவை எல்லாரும் விறகுச்சாமி என்பார்கள். எழுந்ததும் கோடாலியைத் தேடுவார், அதனால் அந்தப் பெயர். பேச்சு குறைவு. பேசினால் பாதி திட்டாக இருக்கும்.

மனைவி போன பிறகுதான் கோமதிநாயகம் மடத்துக்கு வந்தார். அந்த அம்மாள் இடுப்புக்குக் கீழே விளங்காமல் வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். பாத்திரம் வைத்து எடுத்ததெல்லாம் இவர்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவள் ஒவ்வொரு தடவையும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அது இவருக்குள் தங்கிவிட்டது. பிள்ளை கிடையாது. நாளைக்குத் தான் கிடந்தால் யார் எடுப்பார்கள்? இந்த ஒரு பயம்தான். மற்ற ஞானமெல்லாம் அவருக்கு அப்புறம்.

ஒருநாள் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டே கேட்டார்.

“சாமி, மரம் எங்கே ஒதுங்கும்?”

சமையல்கட்டில் ஆவுடையம்மாள் சிரித்துவிட்டாள். நாம் மரத்தடியில் ஒதுங்குகிறோம், மரம் அண்ணாச்சியடியில் ஒதுங்குமாக்கும் என்றாள்.

குரு சிரிக்கவில்லை. ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்து கொய்யாக் கிளையில் இலைகளை மூடிக் கட்டினார். வெயில் ஏறட்டும் என்று சொல்லிவிட்டு விறகுக்குப் போனார்.

உச்சிப்பொழுதில் போய்ப் பார்த்தார்கள். பைக்குள் முத்து முத்தாக நீர். அடியில் கொஞ்சம் தேங்கியும் இருந்தது. வேர் குடித்ததில் பெரும்பாகம் இலை வழியாக இப்படித்தான் போகிறது, காற்று வாங்கிக்கொள்வதால் நம் கண்ணில் படுவதில்லை என்றார் குரு.

கோமதிநாயகம் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். வெறும் தண்ணீர். இதில் நாற்றம் இல்லையே, அழுக்கை எங்கே விடுகிறது என்று கேட்டார்.

“தினமும் எதைப் பெருக்குதீரு?”

கோமதிநாயகம் குவிந்து கிடந்த பழுத்த இலைகளைப் பார்த்தார். ஆகாததை அதில் ஏற்றி உதிர்த்துவிடுகிறதாம். பட்டையாக உரிப்பதும் உண்டு, பிசினாக வடிப்பதும் உண்டு.

அப்படியும் மனிதர் விடவில்லை. உதிர்க்கவும் வடிக்கவும் முடியாதது என்ன ஆகும்?

குருவுக்குப் பொறுமை போயிற்று. ஒரு கருவேலங்கட்டையை நிறுத்தி ஓங்கி ஒரு போடு போட்டார். இரண்டாகப் பிளந்தது. ஓரமெல்லாம் வெளுப்பு. நடுவில் கறுப்பு.

“இந்தா கறுத்துக் கிடக்கே, பாரும். வெளிய தள்ள முடியாததை நடுவுல கொண்டு அடைச்சு வச்சிருக்கு. நாம அதை வைரம்னு சொல்லுதோம்.”

கோமதிநாயகம் அதைத் தடவினார். இரும்பு மாதிரி இருந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தப்பான வெளிச்சம்.

மறுநாளிலிருந்து காலையில் அரைச் செம்பு தண்ணீர். அதோடு சரி. விடிந்ததும் கொய்யாவடியில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிறவரை எழுந்திருப்பதில்லை. முட்டினாலும் அடக்கிக்கொண்டார். மரம் அடக்குகிறதே. மோர் கொண்டுபோன ஆவுடையம்மாளைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். அண்ணாச்சி எப்போ பூக்கப் போறிய, எப்போ காய்க்கப் போறிய என்று கேட்டுவிட்டுப் போனாள்.

குருவே வந்து குடிக்கச் சொன்னார். சரி சாமி என்று செம்பை வாங்கி, அவர் தலை மறைந்ததும் வேரில் ஊற்றினார். ஆவுடையம்மாள் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னாள். அண்ணாச்சிக்கு என்ன வைராக்கியம் என்றாள்.

வைராக்கியமாவது, பயம் என்றார் குரு.

ஆவணி வெயில் அந்த வருஷம் சுட்டெடுத்தது. ஒரு காலையில் கோமதிநாயகத்துக்கு விலாவுக்குக் கீழே குத்து கண்டது. உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். வாந்தி, வேர்வை. தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள். ஊரிலிருந்து டாக்டர் வந்தார். கல் என்றார். சிறிசாகத்தான் இருக்கும், தண்ணீர் குடித்தால் தானாக இறங்கிவிடும். குடிக்காமல் கிடந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும், நாளைக்கும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லி ஊசி போட்டுவிட்டுப் போனார்.

வலி கொஞ்சம் அடங்கியது. கோமதிநாயகம் குடிக்கவில்லை. எழுந்து நடக்கத் தெம்பில்லை. குடித்தால் வரும். வந்தால் யாராவது பாத்திரம் பிடிக்க வேண்டும். எந்த நாளுக்குப் பயந்தாரோ அந்த நாள் வந்தேவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குரு ஒரு செம்பு தண்ணீரும் ஒரு தகர டப்பாவும் கொண்டுவந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“குடியும்.”

“வேண்டாம் சாமி.”

“உம்ம வீட்டம்மாளுக்கு நீர்தானே எடுத்தீரு?”

“ஆமா.”

“அருவருப்பா இருந்துதோ?”

“சீச்சீ. சங்கரவடிவு என் பெஞ்சாதில்லா.”

“நீரு எடுக்கக்கூடாதுன்னு அவ குடிக்காமக் கிடந்திருந்தா?”

கோமதிநாயகம் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“தாங்கியிருக்க மாட்டேன்.”

“நான் மட்டும் தாங்கணுமோவே?”

கோமதிநாயகம் திரும்பினார். செம்பை வாங்கினார். பாதி மார்பில் சிந்தியது. மீதியைக் குடித்தார். குரு இன்னொரு செம்பு கொண்டுவந்தார். அதையும் குடித்தார்.

வந்தபோது குருதான் டப்பாவைப் பிடித்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. சமையல்கட்டைப் பார்த்து, குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாயே என்று ஆவுடையம்மாளைத் திட்டிக்கொண்டிருந்தார். உப்புச் சரியாகத்தான் இருந்தது. அவளும் அது தெரிந்து பதிலுக்குச் சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தில் கோமதிநாயகத்துக்கு வெட்கப்பட நேரமில்லை.

முதலில் தேயிலைத் தண்ணீர் மாதிரி போயிற்று. குடிக்கக் குடிக்க வெளுத்தது. மறுநாள் மத்தியானம் மறுபடி குத்து கண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே டப்பாவில் டிங்கென்று ஒரு சத்தம்.

குரு இப்போதுதான் குனிந்து பார்த்தார். கடுகுக்குக் கொஞ்சம் பெரிது.

“வைரம் விழுந்துட்டுவே.”

ஆவுடையம்மாள் வாசற்படியில் நின்றபடியே, அதைத் தனக்கு மூக்குத்தியில் வைத்துத் தரச் சொன்னாள்.

கோமதிநாயகம் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். குரு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதைக் கோமதிநாயகத்தால் பொறுக்க முடியவில்லை.

“ஆனாலும் சாமி, மரம் ஒருத்தர் கையையும் எதிர்பார்க்கலியே. எல்லாத்தையும் தனக்குள்ளயே வச்சுக்கிட்டு நிக்குதே.”

குரு அதற்குள் படியிறங்கியிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“அதுக்கு ஆருவே இருக்கா? அதான் உள்ளயே வச்சுக்கிடுது. உமக்கு நான் இருக்கேன்லா. இன்னொரு செம்பு குடியும்.”