முதல் வருஷத்து ஒயின்

"இந்த வருஷமும் வரல டீச்சர்," என்றார் இருதயராஜ். "அந்த ருசி வரவே மாட்டேங்குது."

குணவதி டீச்சர் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். நல்ல சிவப்பு. நல்ல மணம்.

அவர் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். மலையடிவாரத்து வறண்ட மண்ணில், கூடை கூடையாகச் சந்தைக்குப் போகும் திராட்சை மட்டுமே விளைந்த இடத்தில், உயர்ந்த ஒயின் செய்யலாம் என்று முதலில் சொன்னவர்.

ஊர் சிரித்தது.

தோட்டத்துச் சொந்தக்காரர் இருதயராஜ் மட்டும் சிரிக்கவில்லை. நிலத்தைக் கொடுத்தார். டீச்சரிடமே தொழிலையும் கற்றுக்கொண்டார். குருவைவிடச் சீடருக்கு நாலு வயது அதிகம்.

அது நடந்து இருபத்திரண்டு வருஷம். இப்போது அவர்களுடைய ஒயினைத் தேடிக் கடல் கடந்து ஆட்கள் வருகிறார்கள்.

"பீப்பாய்ல இருக்கிறதை பாட்டில்ல அடைக்க வேண்டாம். கொட்டிடலாம்," என்றார் இருதயராஜ். "கொடியையும் பிடுங்கிட்டு வேற நடுவோம்."

"எந்த ருசி வரணும்ங்கிறீங்க, அண்ணே?"

"முதல் வருஷத்து ருசி. இன்னும் நாக்குலயே இருக்கு."

டீச்சர் எழுந்து உள்ளே போனார். தூசி படிந்த பாட்டில் ஒன்றோடு திரும்பினார்.

"முதல் வருஷத்தது. ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தேன்."

இருதயராஜ் வாங்கித் திறந்தார். ஊற்றினார். குடித்தார்.

முகத்தைச் சுளித்தார்.

"கெட்டுப்போச்சு டீச்சர்."

"அன்னைக்கே இப்படித்தான் இருந்துச்சு. பழுக்கிறதுக்கு முந்தியே பறிச்சிட்டோம்."

"இருக்காது. அன்னைக்கு அமலிகூட..."

நிறுத்திவிட்டார். அமலி அவர் மனைவி. இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

"அமலி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

இருதயராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"கோப்பை கிடையாது அப்ப. டம்ளர்தான். ஒரு வாய் குடிச்சா. கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. 'என்னங்க இது, புளித்தண்ணியாட்டம் இருக்கு'ன்னா..."

"அப்புறம்?"

"சிரிச்சா. அவ சிரிக்கவும் நாம எல்லாரும் சிரிச்சோம். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். அப்புறம், இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு டம்ளரை நீட்டினா."



"பீப்பாய்ல இருக்கிறதை என்ன செய்யட்டும், அண்ணே?"

"பாட்டில்ல அடைச்சிடுங்க."

பிறகு இருதயராஜ் தன் கோப்பையை டீச்சர் முன் நீட்டினார்.

"அந்தப் பழசுல இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, டீச்சர்."