தன் கையுறையைத் தானே எடுத்த பிரபு

இங்கிலாந்தில் ஆம்ப்ரோஸ் என்று ஒரு பிரபு இருந்தார். போர்க்களத்தில் சிங்கம். அரண்மனையில் அவர் செய்தது முக்கால்வாசி குனிந்து நிமிர்வதுதான். ராணியம்மாளின் விசிறி விழுந்தால் அது தரையைத் தொடுமுன் அவர் கை அங்கே இருக்கும். அரசரின் தொப்பி, இளவரசரின் பந்து, எது விழுந்தாலும் முதலில் எடுப்பவர் அவர். பெயர் வாங்கியதே அப்படித்தான். இரண்டு அரசர்களுக்கு ஒரே தொண்டையால் ‘வாழ்க’ போட்டாகிவிட்டது. இப்போது மூன்றாமவர் முடிசூடப் போகிறார்.

பிரபுவுக்குக் குரு, அரண்மனையை ஒட்டிய கன்னியர் மடத்தின் தலைவி மதர் வினிஃப்ரெட். அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். இவ்வளவு பெரிய வீரர் ஒரு கன்னியாஸ்திரீயிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று அரண்மனையே சிரித்தது. சிரிக்கட்டும். முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல அந்த ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லை.

முடிசூட்டு விழா அன்று காலை, முழுக் கவசத்தோடு சட்டிப்பானை உருண்ட மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு மடத்துக்குள் ஓடி வந்தார் பிரபு.

“மதர்! மதர்! என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்!”

விருந்தில் பாடப்போகும் இளம் சகோதரிகளுக்கு முக்காடு குத்திக்கொண்டிருந்தார் மதர். “மெதுவாகப் பேசும். வாயில் குண்டூசி இருக்கிறது.”

“அரசரின் வீரர், மதர்! நான்! விருந்து நடுவில் குதிரையோடு மண்டபத்துக்குள் நுழைவேன். குதிரையோடு! இரும்புக் கையுறையைக் கழற்றித் தரையில் எறிவேன். ‘இவர் நியாயமான அரசர் இல்லை என்பவன் எவனோ, அவன் இதை எடுக்கட்டும்!’ மூன்று தடவை. எடுத்தவன் பொழுது சாய்வதற்குள் என்னோடு மோத வேண்டும். சட்டம்!”

“எவனும் எடுக்காவிட்டால்?”

“கட்டியக்காரர் எடுத்து என்னிடம் கொடுத்துவிடுவார். சப்பென்று முடிந்துவிடும்.” பிரபுவின் முகம் ஒரு நொடி வாடி, மறுபடி மலர்ந்தது. “ஆனால் ரெஜினால்டு கோமகன் எடுப்பான் மதர், எடுத்தே தீருவான். செத்துப்போன அரசருக்குப் பிள்ளை இல்லை. பட்டத்தைத் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ‘தம்பி மகன் நான் இருக்கும்போது அதெப்படி?’ என்று அவன் குமுறிக்கொண்டே திரிகிறான். எடுக்கட்டும்! இத்தனை வருஷத்தில் எனக்குச் சரிக்குச் சரியாக ஒருத்தன் வாய்க்கவில்லை. இன்றைக்காவது வாய்ப்பானா, மதர்?”

“வாய்த்தால் அவரிடம் என்ன கேட்பீர்?”

“கேட்பதா? வாளை உருவுவேன்!”

“ஏன் எடுத்தாய் என்றுகூடக் கேட்க மாட்டீரா?”

“எதிரியிடம் யாராவது காரணம் கேட்பார்களா, மதர்?”

மதர் அடுத்த முக்காட்டைக் கையில் எடுத்தார். “போம். குதிரை காத்திருக்கிறது.”

மண்டபம் நிரம்பி வழிந்தது. வறுத்த வாத்தும் மெழுகும் ஈரக் கம்பளியும் கலந்து ஒரு வாடை. மாடத்தில் மதர் நிற்க, சகோதரிகள் பாடி முடித்ததும் எக்காளம் முழங்கியது, கதவு திறந்தது, பிரபு நுழைந்தார். கல் தரையில் குளம்புச் சத்தம்! அவருக்கே மயிர் சிலிர்த்தது. பிறந்ததே இதற்குத்தான் என்று தோன்றியது.

கையுறையைக் கழற்றினார், எறிந்தார். டங்!

“இவர் நியாயமான அரசர் இல்லை என்பவன் எவனோ, அவன் இதை எடுக்கட்டும்!”

ஒருவரும் அசையவில்லை. குமுறிக்கொண்டு திரிந்த கோமகன் தட்டிலிருந்த வாத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டியக்காரர் கையுறையை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் தடவை. வாத்து இன்னும் சுவாரசியமாகிவிட்டது போலிருக்கிறது. கோமகன் தலையே தூக்கவில்லை.

பிரபுவுக்கு வந்ததே ஆத்திரம்! மூன்றாம் தடவை தோள் வலிக்க எறிந்தார். கையுறை மெழுகிட்ட தரையில் சர்ரென்று வழுக்கிக்கொண்டே போய் அரசரின் காலடியில் நின்றது.

அரசரின் காலடியில் ஒரு பொருள் விழுந்து கிடக்கிறது. அவ்வளவுதான். கட்டியக்காரர் இரண்டு எட்டு வைப்பதற்குள் ஆம்ப்ரோஸ் குதிரையிலிருந்து குதித்தார், ஓடினார், மண்டியிட்டார், எடுத்தார்.

எடுத்த பிறகுதான் மண்டபம் மூச்சு விடவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

“எடுத்துவிட்டார்!” கோமகன் துள்ளி எழுந்தார். “பார்த்தீர்களா? எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? எடுத்துவிட்டார்!”

கூச்சல் கிளம்பியது. ஆளில்லாத குதிரை மிரண்டு ஒரு மேசையை உதைத்துச் சாய்த்தது. பரிமாறுகிறவர்கள் சிதறி ஓடினார்கள். காவலர்கள் ஈட்டியைத் தூக்கினார்கள்.

“குத்தாதே!”

அரசரே இறங்கி ஓடினார். கிரீடம் ஒரு காதுப்பக்கம் சரிய, எட்டிக் கடிவாளத்தைப் பிடித்தார். “பயந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். விலகுங்கள்.” குதிரையின் காதருகில் ஏதோ சொன்னார். அது அவருடைய பட்டு அங்கியில் எச்சிலை வழியவிட்டு மெல்ல அடங்கியது.

கடிவாளத்தை விடாமலே அரசர் கேட்டார்: “சட்டம் என்ன சொல்கிறது?”

கட்டியக்காரர் நெற்றியைத் துடைத்தார். “கையுறையை எடுத்தவர் அரசரை மறுத்தவர், அரசே. பொழுது சாய்வதற்குள் அரசரின் வீரரோடு மோத வேண்டும். மோத மறுத்தால் தலை போகும்.”

“அரசரின் வீரர் யார்?”

“ஆம்ப்ரோஸ் பிரபு.”

“எடுத்தவர்?”

“ஆம்ப்ரோஸ் பிரபு.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கோமகன் சிரிக்கவில்லை. “சிரித்து மழுப்பாதீர்கள். சண்டை நடக்க வேண்டும், இல்லையென்றால் தலை உருள வேண்டும். இரண்டும் இல்லை என்றால் இந்த அரசரின் சட்டம் முதல் நாளே செல்லாக்காசு.”

சிரிப்பு நின்றது. அவர் சொன்னது சரி. அதுதான் வம்பு.

அரசரின் முகம் வெளுத்தது. “பிரபு, உமக்காகப் பேச யாராவது உண்டா?”

ஆம்ப்ரோஸ் மாடத்தை அண்ணாந்து பார்த்தார். மதர் ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தார்.

“மதர், பழக்க தோஷம், கை தானாகப் போய்விட்டது. நான் என்ன செய்ய?”

“சண்டை போடும்.”

“யாரோடு?”

“எடுத்தவரோடு. வாளுக்கு அவசரமில்லை, முதலில் கேளும். ஆள் வெகு பக்கத்தில்தான் இருக்கிறார், கத்தக்கூட வேண்டாம்.”

பிரபு கையிலிருந்த கையுறையைப் பார்த்தார். “நீ இவரை நியாயமான அரசர் என்று ஏற்கிறாயா?”

கேட்டுவிட்டு, யாரோ பதில் சொல்லப்போவது போலவே காத்து நின்றார். மண்டபமும் காத்து நின்றது.

“தெரியாது என்கிறான், மதர்.”

காவலர்கள் ஓரடி முன்னே வந்தார்கள். மதர் திரும்பிப் பார்த்தார். “சண்டை நடக்கிறது. குறுக்கே வராதீர்கள்.”

அரசர் கையை உயர்த்தினார். காவலர்கள் நின்றார்கள்.

“போன அரசரை ஏற்றாரா, கேளும்.”

“அவரையும் தெரியாதாம். அதற்கு முந்தினவரையும்.” எந்தப் போரிலும் பிரபுவுக்கு இப்படி வியர்த்ததில்லை. “இதுவரை யாரும் என்னைக் கேட்டதே இல்லை என்கிறான், மதர்.”

“இப்போது கேட்டாயிற்று. பதில்?”

ஆம்ப்ரோஸ் தலை நிமிர்ந்தார். இத்தனை வருஷ அரண்மனை வாழ்க்கையில் அரசர்களின் காலடியைப் பார்த்தே பழகியவர், அன்றைக்குத்தான் ஓர் அரசரை முகம் பார்த்தார். சின்ன வயது. கோணல் கிரீடம். அங்கியெல்லாம் குதிரை எச்சில். ஒரு கை இன்னும் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

“குதிரையைக் குத்த விட்டிருந்தால் இல்லை என்றே சொல்லியிருப்பேன் என்கிறான்.”

“சரி. இப்போது?”

பிரபு, கூச்சல் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொன்னார்:

“இவர்தான் என்கிறான், மதர்.”

“கேலிக்கூத்து!” என்று கத்தினார் கோமகன்.

மதர் பிரபுவின் கையிலிருந்த கையுறையை வாங்கினார், கோமகனுக்கு எதிரே மேசையில் வைத்தார். “உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், கோமகனே. பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது.”

கோமகன் கையுறையைப் பார்த்தார். ஆம்ப்ரோஸைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

மதர் மாடத்துப் பக்கம் திரும்பி, கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சகோதரிகளை நேராக நிற்கச் சொல்லிக் கையசைத்தார். படியேறப் போனவரை அரசர் தடுத்தார்.

“ஒரு நிமிஷம், மதர். சண்டை முடிந்தது, சரி. ஜெயித்தது யார்?”

“கையுறையைப் போட்டுக் கத்தினாரே, அவர்தான்,” என்றார் மதர். “அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அரசே. உங்கள் முகம் பார்த்துப் பதில் சொல்லித் தோற்றவரை வைத்துக்கொள்ளுங்கள்.”