மூலையில் ஒரு மயில்

"ஏன் மேடம் கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?"

நசீமாவின் அறைக்குள் வந்த கோதண்டபாணி உட்காரக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் அவர் வரைந்த கம்ப்யூட்டர் சிப்பின் வரைபடம் ஃபேக்டரிக்குப் போக வேண்டும். போய்விட்டால் திருத்த முடியாது. நசீமாவின் கையெழுத்து இல்லாமல் போகவும் போகாது.

நசீமா அவரைவிட வயதில் இளையவள். ஆனால் வீட்டு பிளான் போட்டுக்கொண்டிருந்த மனிதரைக் கூப்பிட்டு, சிப்புக்குள் கம்பி எங்கெங்கே ஓட வேண்டும் என்று கணினியில் வரையச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். குரு என்றால் தாடி வேண்டும் என்று சட்டமா என்ன?

"அவ்வளவு அவசரமா சார்?"

"இது போனாதான் மேடம் நான் டீம் லீட். வீட்ல ஸ்வீட்டுக்கே சொல்லி வச்சாச்சு."

"படம் சுத்தமா இருக்கா?"

"என் ஸ்கிரீன்ல வந்து பாருங்க. ஒரு தப்பு காட்டுங்க, மீசையை எடுத்துடறேன். மூலையில என் மயிலைக்கூடப் போட்டு முடிச்சாச்சு."

வரைகிறவர்கள் சிலருக்கு இந்த ஆசை உண்டு. சிப்பின் மூலையில் இடம் மிஞ்சினால் தன் அடையாளமாக எதையாவது வரைந்துவிடுவார்கள். இவருக்கு மயில்.

"உங்க ஸ்கிரீன் அழகா இருக்கும்னு தெரியும் சார்."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளத்தானே செய்வார்!

"எல்லாம் நானே எழுதின ஸ்கிரிப்ட் மேடம், குட்டி புரோகிராம். சாஃப்ட்வேரைத் திறந்ததும் தானா ஓடும். கண்ணைக் குத்தற கலரை எல்லாம் தூக்கிட்டு இளநீலம், ரோஜா, சந்தனம்னு வச்சிருக்கேன். ஷார்ட்கட் கீ எல்லாம் என் விரலுக்கு ஏத்த மாதிரி. மினுக் மினுக்னு வர்ற தொல்லை எதுவும் கிடையாது. இப்ப இந்த மாடி முழுக்க என் ஸ்கிரிப்ட்தான். கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கறாங்க."

"நல்லது. அப்ப எனக்கு ஒரு உதவி. இந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

தன் கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

யாரும் எதையும் மாற்றாத மென்பொருள். வந்தபடியே இருந்தது. பச்சையும் நீலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. நடுவில் ஒரு சிவப்புக் குறி மினுக்கிக்கொண்டிருந்தது. தப்பு இருந்தால் மென்பொருளே போடுகிற குறி.

கோதண்டபாணி குனிந்தார். மூக்கைச் சுளித்தார்.

"ஐயையோ! ரெண்டு கம்பி ஒட்டிக்கிட்டிருக்கு. கரண்ட் விட்டா புகைதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம் அப்புறம்? சிவப்பா கத்திக்கிட்டே இருக்கு. வரைஞ்சவன் கண்ணைக் கழற்றி வீட்ல வச்சிட்டு வந்தானா? இவனை எல்லாம் வேலைக்கு எடுத்தது யாரு?"

"நான்தான்."

"கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு இளகின மனசு. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுங்க. யாரு அந்த ஆளு?"

"படத்தை முழுசா பாருங்க."

அவர் தன் வழக்கமான கீயைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று. ம்ஹும்.

நசீமா கையை நீட்டி ஒரு கீயைத் தொட்டாள்.

சிப் முழுதாக வந்தது. அம்மை போட்ட உடம்பு மாதிரி, எங்கே பார்த்தாலும் சிவப்பு.

வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு மயில்.

கோதண்டபாணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல மேடம்... என் ஸ்கிரீன்ல... இந்தச் சிவப்பு எதுவும்..."

"தொல்லை எதுவும் கிடையாதுன்னு சொன்னீங்களே சார்."

கோதண்டபாணி இப்போதுதான் உட்கார்ந்தார்.

"இப்ப நான் என்ன செய்யறது?"

நசீமா எழுந்து அறைக் கதவை விரியத் திறந்துவிட்டாள்.

வெளியே ஹால். வரிசை வரிசையாகத் தலைகள். ஒருவர் முகத்திலும் கவலை இல்லை. யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

திரைக்குத் திரை இளநீலம், ரோஜா, சந்தனம்.

ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.